சம்பந்தியின் குரலை நான் அழிக்கவில்லை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று எங்கள் மகள், அதாவது உங்கள் மருமகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நலத்தைப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டதே என்ற வருத்தத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் கடிதம் என்று தெரிந்தால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று சந்தேகமாக இருந்ததால் உறையின் மேல் அனுப்புநர் பெயரை எழுதவில்லை. உங்கள் முகவரியையும் என் மனைவியை எழுதச் சொன்னேன். அவள் கையெழுத்தும் உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியதால் இடது கையால் எழுதச் சொன்னேன். தபால்காரர் அதைப் படித்துச் சரியான வீட்டில் சேர்த்திருந்தால், தயவு செய்து முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கிழியுங்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து விசாரணை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி தானாகக் குளத்தில் இறங்கியது என்பார்கள்; கடை தானாகத் தீப்பிடித்தது என்பார்கள்; நான் போய்ப் பார்த்துவிட்டு, தானாக எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. நம் பிள்ளைகளின் கல்யாண வரவேற்பு முடிந்த அன்றே, வீடியோ எடுத்தவர் காமிராவை மூட்டை கட்டும்போது பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "எடிட் பண்ணி அழகா குடுக்கறேன் சார், கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுக்கச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நம் வீட்டுப் படத்தைத் தன் கடை விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது? எடுத்த அத்தனையையும் என் கண் முன்னாலேயே ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிவந்துவிட்டேன். அவரும் அடுத்த வாரமே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பார்த்தாயா, ஓடிவிட்டான் என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "வேலை கிடைச்சுப் போனா அதுக்குப் பேரு ஓடறதா?" என்றாள். அவள் எப்போதுமே எதிர்த்தரப்பு.

நானே எடிட் செய்வது என்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணமே தவிர, உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்ற திட்டம் எதுவும் அப்போதும் இல்லை, பிறகும் இல்லை. மாடியில் குடியிருக்கும் என் மனைவியின் தம்பி வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறான். அவன்தான் என் கணினியில் அந்த எடிட்டிங் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். கேட்காமலே உதவி செய்தான் என்பதால் முதல் சந்தேகம் அவன் மேல்தான். மென்பொருளைத் திறந்து படத்தை இழுத்துப் போட்டதும், வேண்டிய கோடெக் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. உடனே வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தேன். எல்லாரும் என்றால் மனைவியும் மச்சானும்தான். "இங்கே இருந்த கோடெக்கை எடுத்தது யார்?" என்றேன். மச்சான் சிரித்தான். "அத்தான், அதை யாரும் எடுக்கல. அது முதல்லயே இல்ல. கோடெக்னா படத்தை மடிச்சு வைக்கிற முறை. ஒருத்தர் துணியை நாலா மடிச்சுப் பெட்டியில வைக்கறார், இன்னொருத்தர் சுருட்டி வைக்கறார். மடிச்ச விதம் தெரிஞ்சாத்தான் பிரிக்க முடியும். நான் போட்டுத் தர்றேன்" என்றான். போட்டும் தந்தான். இல்லாத பொருள் அவன் கையில் மட்டும் எப்படி இருந்தது என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

அவன் நான் இல்லாத நேரத்தில் வந்து படத்தில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக, கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரின் பெயரை 'குழாய் ரிப்பேர்' என்று மாற்றி, அதை இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளித்துவைத்தேன். மறுநாள் திறந்தால் திரை முழுவதும் சிவப்பு. மாப்பிள்ளை இருந்த இடத்தில் சிவப்பு, பெண் இருந்த இடத்தில் சிவப்பு, படத்தைக் காணோம் என்று எல்லா மொழியிலும் எழுதியிருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, படம் எந்த இடத்தில் எந்தப் பெயரில் இருந்ததோ அந்த இடத்திலேயே அந்த மென்பொருள் தேடுமாம். நாம் இடத்தை மாற்றினால் அதற்குத் தெரியாதாம். மச்சானிடமிருந்து ஒளித்தது மென்பொருளிடமிருந்தும் ஒளிந்துகொண்டது. மச்சானைக் கூப்பிட்டேன். அவன் வந்து தேடினான். "அத்தான், இதென்ன குழாய் ரிப்பேர்?" என்று கேட்டுக்கொண்டே அதைத்தான் முதலில் திறந்தான். அவன் ஏன் அதை முதலில் திறந்தான் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன்.

இப்படியாக வெட்டி ஒட்டி முடித்து, எக்ஸ்போர்ட் என்ற கட்டத்துக்கு வந்தேன். சம்பந்தி, நீங்கள் தாவரவியல் வாத்தியாராக இருந்தவர். செடி வைத்தால் அது பாட்டுக்கு வளரும். இது அப்படி இல்லை. முடித்த படத்தை வெளியே கொண்டுவர ஆயிரம் கேள்வி கேட்கிறது. எந்தக் கோடெக், எந்த வகைக் கோப்பு, பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு விவரம் என்ற கணக்காம்) எவ்வளவு, ஒலி எப்படி என்று குறுக்கு விசாரணை செய்கிறது. முதல் தடவை, 'உயர்ந்த தரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அதையே அழுத்தினேன். சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவது உயர்ந்த தரமாக இருக்க வேண்டாமா? இன்னும் இருபது நிமிஷம் என்று காட்டியது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் நாற்பது நிமிஷம் என்றது. பிறகு ஒன்றரை மணி என்றது. கேட்கக் கேட்க நேரத்தை மாற்றிச் சொல்கிறவன் பொய்ச்சாட்சி என்பது என் அனுபவம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்குக் காவல் உட்கார்ந்தேன். தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய் நின்றது. நான் கண்ணை எடுக்கும்வரை அங்கேயே நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் படம் பென்டிரைவுக்குள் போகவில்லை. பென்டிரைவோ காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய ஒரே கோப்பை வாங்க மாட்டேன் என்றது. கடைக்காரர் போலிச் சரக்கை விற்றுவிட்டார் என்று நினைத்து அவரோடு ஒரு சண்டை.

இரண்டாம் தடவை, அளவு சிறியதாகவும் தரம் பெரியதாகவும் வேண்டும் என்று தேடி, புதிதாக வந்திருக்கும் ஒரு கோடெக்கைத் தேர்ந்தெடுத்தேன். நன்றாக வந்தது. என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். படம் கண்ணாடிபோல் இருந்தது. என் மனைவி மதியம் தூங்குகிற நேரம் என்பதால் சத்தத்தை மூடிவைத்துப் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள், சம்பந்தி. எடிட் செய்யும்போதும் நான் சத்தம் வைப்பதில்லை. என் கணினிக்கு வயதாகிவிட்டது. ஓட்டினால் படம் நொண்டும், பேச்சு விக்கும். அதனால் ஒலியைக் காட்டும் அந்தப் பச்சை அலைகளைப் பார்த்தே வெட்டினேன். அலை இருந்தால் பேச்சு, அலை இல்லாவிட்டால் மௌனம். உங்கள் பேச்சு இருந்த இடத்தில் அலை மலைபோல் எழுந்து நின்றது. அதை நான் ஒரு நூல்கூட வெட்டவில்லை. இதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அந்தப் பென்டிரைவை உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் டிவிக்கு அந்தப் புதுக் கோடெக்கைப் பிரிக்கத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. எல்லாரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு கல்யாணத்தைக் கேட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். சம்பந்தியம்மா மட்டும், "நம்மளைக் காட்டறதுக்கு மனசு வரல போல இருக்கு" என்றார்களாம். எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் தடவை மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். எந்த டிவியிலும் ஓடுகிற பழைய கோடெக்கைப் போட்டேன். அளவைக் குறைக்க பிட்ரேட்டை இறக்கினேன். அதில் சம்பந்தியம்மாவின் பொடிப் பூப்போட்ட புடவை கட்டங்கட்டமாக உடைந்துபோய், "நான் கட்டம் போட்ட புடவையா கட்டியிருந்தேன்?" என்று அவர்கள் அலமாரியைத் திறந்து தேடியதாகக் கேள்வி. அதற்கு என் தனிப்பட்ட வருத்தங்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒலி என்ற இடத்தில் ஸ்டீரியோ, மோனோ என்று இரண்டு இருந்தது. ஸ்டீரியோ என்றால் இரண்டு வழியாகச் சத்தம் போகும், மோனோ என்றால் ஒரே வழி. பேசுவது ஒருவர், வாய் ஒன்று, இதற்கு எதற்கு இரண்டு வழி என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மோனோ என்று போட்டு அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனால் என் பக்கம் எப்படி வந்து விழுந்தது என்று தெரியாது. மகள் போன் செய்தாள். அழுத குரல்.

"அப்பா, மாமா பேசினதை ஏம்பா எடுத்தீங்க?"

"எதை எடுத்தேன்?"

"அவர் பேச்சைத்தான். வாய் மட்டும் அசையுது, சத்தமே இல்ல. நடுவுல ஜனங்க சிரிக்கறது மட்டும் கேக்குது. மாமா பாதியிலயே எழுந்து உள்ள போயிட்டார்ப்பா. 'போன தடவை இருட்டுலயாவது என் குரல் கேட்டுச்சு. இந்தத் தடவை படத்தைக் குடுத்துட்டு குரலை எடுத்துட்டார். நான் சொன்னது பிடிக்கலன்னா மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே'ன்னு அத்தைகிட்ட சொன்னாராம்."

"அவர் என்னம்மா சொன்னார்?"

"அப்பா, நடிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் உடனே விசாரணையில் இறங்கினேன். வீடியோக்காரர் தந்த மூலப் படத்தையும் நான் எடிட் செய்ததையும் திறந்து, சத்தத்தை முழுவதும் ஏற்றி, உங்கள் பேச்சை ஓட்டினேன். நீங்கள் மைக்கின் முன்னால் நிற்கிறீர்கள். கையை ஆட்டுகிறீர்கள். வாய் அசைகிறது. ஒரு சத்தம் இல்லை. எடிட் செய்ததில், பின்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் நண்பர் செல்போனில் எடுத்து நான் இடையில் ஒட்டிய காட்சிக்கு மாறும்போது சபை குலுங்கிச் சிரிக்கிறது; மறுபடி உங்கள் பக்கம் வந்தால் மயான அமைதி. அலை இருக்கிறது, சத்தம் இல்லை. மூலத்திலேயே குரல் இல்லாதபோது, போன தடவை மட்டும் இருட்டில் உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? சம்பந்தி, உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இல்லாத பொருளை இருந்ததாகச் சொல்லி இழப்பீடு கேட்கும் ஆட்களை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்தவன். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நிற்காமல், 'தாங்கள் கேட்டதாகக் கூறும் குரலுக்கு ஆதாரம் எதுவும் எங்கள் வசம் இல்லை' என்று மாப்பிள்ளையின் போனுக்குச் செய்தி அனுப்பினேன். அலுவலகத்தில் எழுதி எழுதிப் பழகிய வாசகம், கை தானாக அடித்துவிட்டது.

மகள் மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா, நாங்க தனிக்குடித்தனம் வந்திருக்கிற புது வீட்டுக்கு நீங்க ரெண்டு குடும்பமும் சேர்ந்து வர வேண்டாம். ஒரு வாரம் அவங்க வரட்டும், அடுத்த வாரம் நீங்க வாங்க. நான் ரெண்டு தடவை சமைச்சுக்கறேன்" என்றாள். இரண்டு வீடு ஒரு வீடாகும் என்றுதான் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது. இரண்டு வீடும் முறை போட்டு வரும்படி ஆனது.

என் வீட்டிலும் நிலைமை சரியில்லை. வரவேற்பில் நீங்கள் பேசிய நேரத்தில் நான் மண்டபத்தில் இல்லை. அழைக்காத ஆட்கள் பின்வாசல் வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறார்களோ என்ற சந்தேகத்தில் அங்கே நின்று ஒவ்வொருவரையும் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டு உள்ளே வந்து, எல்லாரும் தட்டுவதால் நானும் தட்டினேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதனால் மனைவியிடம் நைசாகக் கேட்டேன்.

"அன்னிக்குச் சம்பந்தி மேடையில என்ன பேசினார்?"

அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. கை தட்டிச் சிரிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்ப பெருந்தன்மையா எடுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது."

"என்ன தெரியுது?"

"உங்க புத்தி தெரியுது."

அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. குழம்பு கரண்டி மட்டும் தட்டில் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது. சபை நிறையப் பேர் கேட்ட பேச்சு, எனக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. சந்தேகப்பட்டே காலம் தள்ளிய என்னை எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். சம்பந்தி, அது எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

மிச்சம் இருந்தவன் மச்சான். ஒலிப்பதிவு அவன் தொழில். குரலை எடுக்கத் தெரிந்த கை அவனுடையதுதான். மாடிப்படியில் வழிமறித்தேன். "உண்மையைச் சொல்லிடு. சம்பந்தி குரலை என்ன பண்ணினே?" என்றேன். அவன் சட்டைப் பையைக் காட்டி, "இதோ இதுக்குள்ள வச்சிருக்கேன், எடுத்துக்குங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இருவர் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து வேலையே அதுவாகிவிட்டது. நீங்கள் வாயசைக்கும் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவேன். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். ஓரிடத்தில் 'தொப்பி' என்பதுபோல் இருந்தது. 'துப்பி' என்பதுபோலவும் இருந்தது. நான் எதையோ துப்பிவிட்டுப் போனதாகச் சொல்லி சபையே சிரித்ததோ என்று சாப்பாடு இறங்கவில்லை. உங்களுடைய குரல் வராவிட்டாலும் சபையின் சிரிப்பு மட்டும் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு காலை நேரம் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. தன் இயர்போனைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். "அந்தச் சிரிப்பை நீங்களே கேட்டுக்குங்க, எனக்கு வேண்டாம்" என்றாள். நான் எப்போதும் காதில் எதையும் மாட்டுவதில்லை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? எனவே ஒன்றை மட்டும் ஒரு காதில் வைத்து, மற்றதை மேஜையில் விட்டுவிட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து ஓட்டினேன்.

நீங்கள் பேசினீர்கள்.

உங்கள் குரல்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற மாதிரியே, தெளிவாக. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இயர்போன் கழன்று விழுந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பி எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் நான் கேட்டுவிட்டேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வாத்தியார், மணி அடிச்சாத்தான் நிறுத்துவேன், பயப்படாதீங்க. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு எறங்கிடறேன். சம்பந்தம் பேச ஆரம்பிச்ச நேரம். நல்ல உச்சி வெயில். நான் அழுக்கு பனியனோட வாசல்ல செடிக்குக் குழி தோண்டிட்டிருக்கேன். ஒருத்தர் வந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. சுத்தும் முத்தும் பாத்துட்டு, 'ஏம்பா, இந்த வீட்டு வாத்தியார் எப்படிப்பட்ட ஆளு?'ன்னு என்கிட்ட கேட்டார். தோட்ட வேலைக்கு வந்தவன்னு நெனச்சுட்டார்."

சபை சிரிக்கிறது.

"நானும், 'தங்கமான மனுஷன் சார்'னு சொன்னேன். 'குடிப்பாரா?'ன்னார். 'காப்பி நெறைய குடிப்பார்'னேன். 'கோவம் வருமா?'ன்னார். 'யாராவது செடியை மிதிச்சா வரும் சார்'னேன். அவர் மெதுவா குனிஞ்சு பாத்துட்டு, என் ரோஜாக் கன்னு மேலேருந்து காலை எடுத்தார். 'பையன் எப்படி?'ன்னார். 'அப்பனை விட நல்லவன்'னேன். போறப்ப என் தோளைத் தட்டி, 'நீ பொய் சொல்லத் தெரியாத ஆளுப்பா, எனக்குப் பாத்தாலே தெரியும்'னு சொல்லிட்டுப் போனார்."

சபை மேஜையைத் தட்டிச் சிரிக்கிறது. யாரோ விசில் அடிக்கிறார்கள். என் மச்சானாகத்தான் இருக்க வேண்டும்.

"அடுத்த வாரம் நாங்க பொண்ணு வீட்டுக்குப் போறோம். கதவைத் தெறக்கறார் அதே மனுஷன். அவருக்கு என்னை அடையாளம் தெரியல. நான் சட்டை போட்டிருந்தேனே! நானும் காட்டிக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். அவர் எங்க தெருவை விட்டுப் போறப்பவே என் வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். தன் பொண்ணு எங்க போய் வாழப்போறாளோன்னு இந்த வெயில்ல, ஆள் அடையாளம் தெரியாம வேஷம் போட்டுக்கிட்டு ஒரு அப்பன் வந்துட்டுப் போறார். அவர் வளத்த பொண்ணு நம்ம வீட்டுக்கு வரணும். வேற எதையும் நான் விசாரிக்கப் போறதில்ல. அவ்வளவுதான். நன்றி."

இதற்குப் பிறகுதான் நான் உள்ளே வந்து கைதட்டியது.

சம்பந்தி, நான் இயர்போனைக் கழற்றவே மறந்துவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். "என்னங்க, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் விசாரிக்கவில்லை. மேஜையில் கிடந்த மற்ற இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு காதில் உங்கள் பேச்சை மறுபடி கேட்டோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை.

மச்சானை மாடியிலிருந்து கூப்பிட்டேன். மன்னிப்பும் கேட்டேன், ஆச்சரியத்தில் அவன் ஒரு படி தவறவிட்டான். அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவன் விளக்கியது இதுதான். வீடியோக்காரர் மண்டபத்து மைக்கின் வயரைக் காமிராவில் தப்பான துளையில் செருகிவிட்டார். அதனால் உங்கள் குரல் இடதுபக்கம் ஒரு மாதிரியும், வலதுபக்கம் அதற்கு நேர் எதிராகவும் பதிவாகிவிட்டது. இடது மேலே ஏறினால் வலது கீழே இறங்கும். "ரெண்டையும் தனித்தனியா கேட்டா பேச்சு இருக்கும். ஒண்ணா சேத்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். நீங்க மோனோ போட்டுச் சேத்துட்டீங்க. உங்க திரையிலயும் ஒரே ஸ்பீக்கர், அதுவும் சேத்துடுச்சு. சம்பந்தி டிவியில ரெண்டு ஸ்பீக்கர், அதான் இருட்டுல கேட்டுச்சு. சிரிப்பு செல்போன்ல தனியா பதிவானது, அதான் அது மட்டும் தப்பிச்சுது. அவர் பொய் சொல்லல அத்தான்" என்றான். கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை சொன்னான். ஒருவர் சொல்வதற்கு மற்றவர் நேர் எதிராகச் சொல்லி, சேர்ந்தபோது இரண்டுமே காணாமல் போனதை நான் என் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டதால் எனக்கு உடனே புரிந்தது.

வலதுபக்கத்தை எடுத்துவிட்டு, இடதுபக்கக் குரலையே இரண்டு பக்கமும் வைத்து, பழைய கோடெக்கில், பிட்ரேட்டைத் தாராளமாக ஏற்றி, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தோம். சம்பந்தியம்மாவின் புடவையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிகிறது. மச்சான் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம், ஓடியது. அவன் வீட்டு டிவி அவனுக்குச் சாதகமாக நடந்துகொள்ளும் என்பதால், கீழ்த்தளத்துப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறை டிவியிலும் போட்டுப் பார்த்தேன். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கள் உங்கள் ரோஜாக் கன்றுக் கட்டத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அம்மாள், "அந்தத் தொப்பிக்காரர் யாருங்க? பாக்கணும்போல இருக்கே" என்றார். பக்கத்தில் நின்ற நான் பல்லைக் காட்டாமல் நின்றேன்.

எனவே சம்பந்தி, இந்தக் கடிதத்தோடு பென்டிரைவை இணைத்திருக்கிறேன். உறவுக்காரர்களை எல்லாம் மறுபடி கூப்பிடுங்கள். இந்த முறை விளக்கை அணைக்க வேண்டாம். நீங்கள் பொய் சொன்னதாக நான் அனுப்பிய செய்திக்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேரை விசாரித்தேன். நான் விசாரிப்பதைப் பார்த்து என்னைப் பற்றி நல்லதாக ஒரு முடிவுக்கு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களைப் போன்ற மனிதரைப் பற்றி இனி என் மனத்தில் ஒரு துளி சந்தேகமும் எழாது என்று எழுத்துமூலமாக உறுதி கூறுகிறேன். பெண்ணிடம் பேசி முறை போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் சேர்ந்தே போவோம். பாவம், இரண்டு தடவை சமைக்கிறாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், என் மனைவியின் அன்பும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் தோட்டம் என் காலடி படாமல் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் முழு நம்பிக்கை வைத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு விஷயம் உறைத்தது. உங்களைப் பற்றி உங்கள் தெருவில் நான் விசாரித்தது ஒரே ஒரு ஆளிடம்தான். தங்கமான மனுஷன் என்று அந்த ஆள் கொடுத்த வாக்குமூலத்தை நம்பித்தான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். அந்த ஆளே நீங்கள்தான் என்று இப்போது தெளிவாகிவிட்டது. சம்பந்தப்பட்டவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சாட்சி எங்கள் அலுவலகத்தில் செல்லாது. ஆகவே விசாரணை முடியவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. மேலே எழுதிய மன்னிப்பு, உறுதிமொழி, முழு நம்பிக்கை ஆகியவற்றைத் தாற்காலிகமாக நிறுத்திவைக்கவும். உங்கள் எதிர்வீட்டுக்காரர் பகலில் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று மட்டும் தெரிவியுங்கள். நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.